அம்மப்பாவின் குளிசையும் மூன்று கிளாஸ் தண்ணீரும்



அம்மப்பா, அம்மம்மா இருக்கிற வீடென்றால் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு மருந்துப் பெட்டி கட்டாயம் இருக்கும். பிறசருக்கு ஒரு குளிசை, சீனி வருத்தத்துக்கு ஒரு குளிசை. அவற்றுக்கு நடுவே சின்னதாக இன்னொன்றும் இருக்கலாம். இருதய வருத்தம் வந்தவர்களுக்குக் கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் அஸ்பிரின் அது. பெரும்பாலும் நாளுக்கு ஒன்று. 75 அல்லது 100 மில்லிகிராம்.

இன்றைக்கு நமது கேள்வி சின்னது. அஸ்பிரின் தண்ணீரில் கரையுமா?

பாதிப் பேர் "கரையும்" என்பீர்கள். மீதிப் பேர் "கரையாது" என்பீர்கள். இரண்டு பக்கமும் சரிதான்! எந்தத் தண்ணீர், எவ்வளவு நேரம் என்று கேட்காமல் இதற்கு விடை சொல்லவே முடியாது. மட்டக்களப்புக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு விடை, தேசிக்காய்ப் புளியில் ஒரு விடை, நம்முடைய வயிற்றுக்குள் ஒரு விடை, வாவித் தண்ணீரில் இன்னொரு விடை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொடங்க முன்னர் ஒரு கண்டிப்பான சொல். குளிசையை நீங்கள் எடுக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் செய்யட்டும், நீங்கள் பாருங்கள். பார்த்து முடிந்த தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது.

மூன்று கிளாஸ்

மூன்று கண்ணாடிக் கிளாஸ்களில் 200 மில்லிலீற்றர் அளவில் தண்ணீர் எடுக்க வேண்டும். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் ஒரு தேசிக்காயைப் பிழிந்து விட வேண்டும். மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் மேற்பூச்சு இல்லாத சாதாரண 300 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசை ஒன்று.

முதலாவது கிளாஸைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். குளிசை அடியில் போய் இருந்துவிடும். முதலில் அதன் ஓரம் ஊதும். பிறகு நடுவில் வெடிப்பு விழும். வெடிப்பு வழியே பொடி கழன்று கழன்று கொட்டும். கரண்டியால் கலக்கினால் தண்ணீர் வெள்ளையாகும். ஆனால், கலக்குவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால் வெள்ளைப் பொடி மறுபடியும் அடியில் படியும்.

இரண்டாவது கிளாஸிலும் இதே கதைதான். கலக்கிக்கொண்டே இருந்தாலும் அந்தப் பொடி சுலபத்தில் குறையாது.

மூன்றாவதுதான் வேடிக்கை. குளிசையின் பக்கங்களிலிருந்து நுண்ணிய குமிழிகள் வரிசையாக மேலே வரும். கொஞ்ச நேரம் கலக்கினால் அடியில் கிடக்கும் பொடி மற்ற இரண்டையும் விடக் குறைந்துவிடும்.

ஒரே குளிசை, ஒரே அளவு தண்ணீர். ஏன் இந்த வித்தியாசம்?

உடைவது வேறு, கரைவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். முதலாவது கிளாஸில் நாம் கண்டது கரைதல் அல்ல, உடைதல். குளிசைக்குள் அஸ்பிரினோடு மாப்பொருளும் சேர்த்திருப்பார்கள். அந்த மா தண்ணீரைக் குடித்து ஊதும். ஊதும்போது குளிசையை உள்ளிருந்து பிளந்துவிடும். அது அதற்காகவே சேர்த்த மா. பிளந்து விழுந்த ஒவ்வொரு பொடியும் இன்னும் திண்மமான அஸ்பிரின் பளிங்குதான்.

கரைதல் என்றால், பளிங்கிலிருந்து மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, தண்ணீர் மூலக்கூறுகள் சுற்றிச் சூழ, தனித்தனியே நீரோடு கலந்துவிடுவது. அப்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்கும்.

எவ்வளவு கரையும் என்பதற்குக் கணக்கு உண்டு. 25 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் தண்ணீர் சுமார் 2 கிலோகிராம் சீனியைக் கரைத்துக்கொள்ளும். உப்பென்றால் ஏறத்தாழ 360 கிராம். அஸ்பிரின்? வெறும் 3 கிராம்! இதைத்தான் கரைதிறன் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு லீற்றரில் 3 கிராம் என்றால் 100 மில்லிலீற்றரில் 300 மில்லிகிராம். நாம் போட்ட குளிசையில் இருப்பதும் 300 மில்லிகிராம். நமது கிளாஸில் இருப்பதோ 200 மில்லிலீற்றர். அப்படியானால் முழுவதும் கரைந்திருக்க வேண்டுமே! பிறகேன் அடியில் வெள்ளை?

காரணம் இரண்டு. குளிசைக்குள் இருந்த மா குளிர்ந்த தண்ணீரில் கரையாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அது அடியில் படியத்தான் செய்யும். இரண்டாவது, கரைதிறன் என்பது கடைசியில் எவ்வளவு கரையும் என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு நேரத்தில் என்று சொல்லாது. அஸ்பிரின் ஆறுதலாகத்தான் கரையும்.

இதை மருந்தே இல்லாமல் நீங்களே சோதிக்கலாம். ஒரு கிளாஸில் ஒரு கரண்டி கல்லுப்பு, இன்னொன்றில் அதே கல்லுப்பை அம்மியில் வைத்துப் பொடியாக்கி ஒரு கரண்டி. எது முதலில் கரைகிறது என்று பாருங்கள். பொடிதான் முந்தும், ஏனென்றால் பொடியில் தண்ணீர் தொடக்கூடிய பரப்புக் கூட. ஆனால் கொஞ்சம் பொறுத்தால் கல்லும் முழுதாகக் கரைந்துவிடும். குளிசை உடைவதன் பயன் இதுதான். உடைதல் கரைதலை வேகமாக்கும். ஆனால் கரையக்கூடிய அளவை அது கூட்டாது.

அளவைக் கூட்ட ஒரு வழி சூடு. நமது உடம்பின் வெப்பநிலையான 37 பாகையில் அஸ்பிரினின் கரைதிறன் மூன்று மடங்கு கூடி, லீற்றருக்கு 10 கிராம் அளவுக்கு வந்துவிடும்.

இன்னொரு வழிதான் அப்பச்சோடா.

ஓர் ஐதரசன் கழன்றால்

ஒரு அஸ்பிரின் மூலக்கூறில் 9 காபன், 8 ஐதரசன், 4 ஒட்சிசன் அணுக்கள் இருக்கின்றன. அதில் ஆறு காபன்கள் வளையமாகப் பிணைந்திருக்கின்றன. அந்த வளையத்துக்கும் தண்ணீருக்கும் ஒத்துவராது. இன்னொரு மூலையில் அமிலக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பளிங்குக்குள் இரண்டு இரண்டு மூலக்கூறுகள் இந்த அமில மூலைகளால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை விடுவித்தால்தான் தண்ணீரால் ஒன்றைக் கழற்றி எடுக்க முடியும். கரைதிறன் இவ்வளவு குறைவாக இருப்பது இதனால்தான்.

ஆனால், அந்த அமில மூலையில் உள்ள ஓர் ஐதரசன், அயனாகக் கழன்று போகக்கூடியது. கழன்றால் மிச்சமுள்ள மூலக்கூறு மறை ஏற்றம் பெற்று அயனாகிவிடும். ஏற்றம் பெற்றதைத் தண்ணீர் மூலக்கூறுகள் உடனே வந்து சூழ்ந்துகொள்ளும். அயனான அஸ்பிரின் மிக நன்றாகக் கரையும்.

ஐதரசன் கழலுமா, கழலாதா என்பதைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள தண்ணீரின் பீ.எச். அளவு. 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப்போக அமிலம், மேலே போகப்போகக் காரம். அஸ்பிரினுக்கு முக்கியமான எண் 3.5. அந்த பீ.எச். அளவில் சரிபாதி மூலக்கூறுகள் ஐதரசனைக் கழற்றியிருக்கும், சரிபாதி வைத்திருக்கும்.

10,000 அஸ்பிரின் மூலக்கூறுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பீ.எச். 1.5 உள்ள அமிலத்தில் அவற்றில் ஏறத்தாழ 100 மட்டுமே அயனாகும். பீ.எச். 7.5 உள்ள நீரில் 9,999 அயனாகிவிடும். ஒன்றே ஒன்றுதான் ஐதரசனை வைத்திருக்கும்!

தேசிக்காய்ப் புளியில் பொடி ஏன் அடம்பிடித்தது என்று இப்போது விளங்குகிறதா? அங்கே அமிலம் நிறைய இருப்பதால் அஸ்பிரின் தன் ஐதரசனை விடவில்லை. அப்பச்சோடாக் கிளாஸில் நடந்தது நேர்மாறு. சோடா ஐதரசனைப் பறித்துக்கொண்டது. அப்போது உண்டான காபனீரொட்சைட்டு வாயுதான் குமிழி குமிழியாக மேலே வந்தது.

தூய தண்ணீரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கரைந்த கொஞ்ச அஸ்பிரினே தண்ணீரை அமிலமாக்கிவிடும். நிரம்பிய கரைசல் ஒன்றின் பீ.எச். 3க்கும் கீழே இறங்கும். ஆகவே பின்னால் வரும் மூலக்கூறுகள் அயனாவதை முன்னால் போனவையே தடுக்கின்றன.

இந்தச் சோடா உபாயத்தைக் குளிசைக்குள்ளேயே வைத்தால்? அதைத்தான் செய்தார்கள். 1948இல் பிரித்தானியாவின் ரெக்கிட் அன்ட் கோல்மன் நிறுவனம் டிஸ்பிரின் என்ற கரையும் அஸ்பிரினைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் உங்கள் அம்மம்மாமாருக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அதில் அஸ்பிரினோடு கல்சியம் காபனேற்றும் சித்திரிக் அமிலமும் சேர்ந்திருக்கும். காய்ந்திருக்கும்வரை அவை சும்மா இருக்கும். தண்ணீர் பட்டதும் நுரைத்துக்கொண்டு, குளிசையைச் சிதறடித்து, அஸ்பிரினைக் கல்சியம் உப்பாக மாற்றிக் கரைத்துவிடும். ஒவ்வொரு குளிசையும் தனித்தனி ஈயத்தாளுக்குள் இருப்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். காற்றிலுள்ள ஈரம் பட்டாலே வேலை தொடங்கிவிடும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலம் சுரக்கிறது. வெறும் வயிற்றில் பீ.எச். 1.5 அளவுக்குக்கூட இறங்கும். அங்கே அஸ்பிரின் பெரும்பாலும் ஏற்றம் இல்லாமலே இருக்கும். ஏற்றம் இல்லாத மூலக்கூறு இரைப்பைச் சுவரின் கலங்களுக்குள் சுலபமாக நுழைந்துவிடும், ஏனென்றால் கல மென்சவ்வு கொழுப்பால் ஆனது; ஏற்றம் உள்ளவற்றைத்தான் அது தடுக்கும்.

கலத்துக்குள் போனால் பீ.எச். 7க்குக் கிட்ட இருக்கிறது. உடனே ஐதரசன் கழன்றுவிடும். ஏற்றம் வந்த அஸ்பிரின் வந்த வழியே திரும்பிப் போக முடியாது. வாவியில் வைக்கும் நண்டுக் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே போக வழி சுலபம், வெளியே வர வழி இல்லை. இப்படி இரைப்பைச் சுவரில் சேர்ந்துவிடுவதும் அஸ்பிரின் வயிற்றை எரிக்க ஒரு காரணம். சாப்பிட்ட பிறகு போடச் சொல்வது இதனால்தான்.

சில அஸ்பிரின் குளிசைகளுக்கு வழுவழுப்பான மேற்பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு அமிலத்தில் கரையாது. சிறுகுடலில் அமிலம் குறைந்த பிறகே கரையும். அதை நசுக்கிக் கொடுத்தால் பூச்சின் பயனே போய்விடும். அம்மப்பாவுக்கு விழுங்கக் கஷ்டமென்று யாராவது அதை இடிக்கப் போனால், "வைத்தியரிடம் ஒருக்கால் கேட்டுப் பார்ப்போம்" என்று நீங்கள் சொல்லலாம்.

கரைந்த பிறகு அஸ்பிரின் அஸ்பிரினாக இருக்குமா?

இருக்காது! உப்பைக் கரைத்து வைத்தால் வருடம் கழிந்தாலும் உப்புத்தான். அஸ்பிரின் அப்படி இல்லை. தண்ணீர் அதை இரண்டாக வெட்டிவிடும். ஒரு துண்டு சலிசிலிக் அமிலம், மற்றது அசற்றிக் அமிலம். அசற்றிக் அமிலம் உங்களுக்குப் பழக்கமானதுதான். அச்சாறுக்கு ஊற்றும் வினாகிரியின் புளிப்பும் மணமும் அதனுடையவை. இந்த வெட்டுக்கு நீர்ப்பகுப்பு என்று பெயர்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1763இல் எட்வேர்ட் ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், வில்லோ மரப்பட்டையைக் காயவைத்துப் பொடித்து, காய்ச்சல் கண்ட ஐம்பது பேரளவில் கொடுத்துப் பார்த்ததாக லண்டன் ரோயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டையில் இருந்த பொருளிலிருந்து பின்னாளில் சலிசிலிக் அமிலம் கிடைத்தது. வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்டது, ஆனால் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கியது. அதோடு அசற்றைல் என்ற சிறு துண்டை இணைத்தால் அஸ்பிரின். 1853இல் பிரான்சின் ஷார்ல் கெர்ஹார்ட் அதை முதலில் செய்தார். 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹொஃப்மன் தூய்மையாகச் செய்து காட்டினார். 1899இல் அஸ்பிரின் என்று பெயர் வந்தது. இரசாயனவியலாளர் இணைத்த அந்தத் துண்டைத்தான் தண்ணீர் மறுபடி கழற்றிவிடுகிறது!

எவ்வளவு நேரத்தில்? அறை வெப்பநிலையில், நடுநிலையான நீரில், சில நாட்களிலேயே பாதி அஸ்பிரின் உடைந்துவிடும். பரசிற்றமோல் பாணி போத்தலில் கிடைக்கிறது. அஸ்பிரின் பாணி ஏன் கடையில் இல்லை என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். கரைத்து வைத்தால் நிற்காது. கரைக்கும் குளிசையானாலும் கரைத்த உடனே குடித்துவிட வேண்டும்.

போத்தல் தண்ணீர் கூடத் தேவையில்லை, காற்றின் ஈரமே போதும். நம்மூரான மட்டக்களப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நகரத்தின் நடுவான புளியந்தீவோ வாவிக்குள்ளேயே இருக்கும் தீவு. கார்த்திகை, மார்கழி மழையில் உப்புப் போத்தலே கசிந்து கட்டியாகும்போது, மூடி சரியாக மூடாத அஸ்பிரின் போத்தல் எந்த மூலை? குசினியிலும் குளியலறையிலும் மருந்தை வைக்கக் கூடாது. மூடியைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அந்த அஸ்பிரின் உடையத் தொடங்கிவிட்டது. அதைப் பாவிக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு அழகான சோதனை உண்டு. பெரிக் குளோரைட்டுக் கரைசலில் ஒரு துளி விட்டால், நல்ல அஸ்பிரின் அநேகமாக நிறம் காட்டாது. உடைந்த அஸ்பிரினில் உள்ள சலிசிலிக் அமிலம் ஊதா நிறம் காட்டும்.

வாவியில் விழுந்தால்?

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடு முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடல் நீர் உள்ளே வரும். மாரியில் படுவான்கரைப் பக்கத்து ஆறுகளும் குளங்களும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். ஆகவே வாவித் தண்ணீர் ஒரு காலம் உப்பாகவும் ஒரு காலம் சப்பென்றும் இருக்கும். ஆனால் அது தேசிக்காய்ப் புளியைப் போல அமிலமாக ஒருநாளும் இருப்பதில்லை. கடல் நீரின் பீ.எச். 8 அளவு. அந்த நீரில் விழும் அஸ்பிரின் ஏறத்தாழ முழுவதும் அயனாகிக் கரையும். பிறகு நீர்ப்பகுப்பால் உடையும். மிஞ்சும் சலிசிலிக் அமிலத்தைப் பற்றீரியாக்கள் மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும்.

"அப்ப வீட்டுப் பழைய மருந்தையெல்லாம் கல்லடிப் பாலத்திலிருந்து கொட்டலாமா?" என்று கேட்காதீர்கள்! அஸ்பிரின் சீக்கிரம் உடைகிற மருந்து. எல்லா மருந்தும் அப்படி இல்லை. சில நுண்ணுயிர்கொல்லிகள் நெடுநாள் தண்ணீரிலேயே கிடக்கும். வாவியில் இறாலும் மீனும் பிடித்துச் சாப்பிடுகிறோம். கரையோர மணலில் ஊற்றுவதும் நல்லதல்ல. மணலுக்குள் தண்ணீர் வேகமாக இறங்கும், கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. காலாவதியான மருந்தை என்ன செய்வதென்று பாமசியில் அல்லது வைத்தியசாலையில் கேட்கச் சொல்லுங்கள்.

காய்ச்சல் என்றால் அஸ்பிரின் வேண்டாம்

அஸ்பிரின் உடம்பில் என்ன செய்கிறது என்று 1971இல் ஜோன் வேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி விளக்கினார். வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரொஸ்டகிளான்டின் என்ற பொருட்களை உடம்பு உண்டாக்குவதை அது தடுக்கிறது. புரொஸ்டகிளான்டின் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1982இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அதே வேலையால் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் குறைகிறது. இருதயக் குழாயில் குருதி கட்டிபடாமல் அம்மப்பாவைக் காப்பது இதுதான். ஒரு சிறுதட்டு அஸ்பிரினிடம் ஒருமுறை அகப்பட்டால், அது வாழும் 7 முதல் 10 நாள் வரைக்கும் பழைய நிலைக்குத் திரும்பாது.

டெங்குக் காய்ச்சலிலோ இந்தச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையே விழுந்துவிடும். உள்ளே குருதி கசியும் ஆபத்தும் உண்டு. அந்த நேரத்தில் அஸ்பிரினும் போட்டால் நிலைமை மோசமாகும். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு நோய் பதிவானது. மழைக்குப் பிறகு மட்டக்களப்பில் வரும் காய்ச்சல் எதுவும் டெங்காக இருக்கலாம். ஆகவே வைத்தியர் சொல்லும் அளவில் பரசிற்றமோல் மட்டும். அதோடு, வைரஸ் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுத்தால், ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேயின் நோய் அரிதாக வரலாம். வைத்தியர் தாமாகவே எழுதிக் கொடுத்தாலன்றி, அஸ்பிரின் பிள்ளைகளின் மருந்து அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. 75 மில்லிகிராம் அஸ்பிரின் முழுதும் கரைய 25 பாகையில் குறைந்தது எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும்? 37 பாகையில்?

2. அளவுக்கு மிஞ்சி அஸ்பிரின் உட்கொண்டு வைத்தியசாலைக்கு வருபவர்களுக்கு, சிறுநீரைக் காரமாக்குவதற்காக நாளத்தின் வழியே சோடியம் இருகாபனேற்று, அதாவது அப்பச்சோடாவில் உள்ள அதே பொருள், ஏற்றுவதுண்டு. சிறுநீர் காரமானால், உடம்பில் உண்டான சலிசிலிக் அமிலம் ஏன் குருதிக்குத் திரும்பாமல் வெளியே போகிறது?

முதலாவதற்கு விடை 25 மில்லிலீற்றர், 7.5 மில்லிலீற்றர். இரண்டாவதன் விடையை, சலிசிலிக் அமிலத்திலும் கழலக்கூடிய ஐதரசன் ஒன்று இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்களே எழுதி விஞ்ஞான ரீச்சரிடம் காட்டுங்கள்.